பால் படாத வீடு

அந்த வீட்டுக்குள் பால் வருவதில்லை. பால் மட்டுமா, தயிர், வெண்ணெய், நெய் என்று பாலுக்குச் சொந்தபந்தமான எதுவும் வாசற்படியைத் தாண்டியதில்லை. குழந்தை தவழ ஆரம்பித்த வயதில் அம்மா ஒரு கரண்டி பால்கஞ்சி ஊட்டினாள். உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சு சீழ்க்கை அடிக்கத் தொடங்கியது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டத்தை அவள் இன்னும் ஓடி முடிக்கவில்லை. குழந்தைக்கு இப்போது மூன்று வயது.

கடையில் ஒரு பொட்டலத்தை எடுத்தால் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பொடியெழுத்தைப் படிப்பாள். ஊசிக்கு நூல் கோக்கும் கண்தான், ஆனாலும் இரண்டு தடவை படிப்பாள். ரொட்டிக் கடைக்காரருக்கு அவள் தலை தெரிந்தாலே சிரிப்பு வந்துவிடும்.

"இன்னிக்கு ரொட்டியில என்ன போட்டிருக்கீங்க?"

"மாவு, உப்பு, தண்ணி. மேல கொஞ்சம் உங்க பயம்."

"தட்டுல வெண்ணெய் தடவினீங்களா?"

"தடவலம்மா. உங்களுக்குன்னு தனித் தட்டு. என் பெண்டாட்டி கேக்குறா, யாருக்கு இந்த ராஜ மரியாதைன்னு."

தையல்தான் அவள் தொழில். புதுத் துணி தைப்பதைவிட இருக்கும் துணியைச் சரிசெய்வதே அதிகம். நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. இரண்டு அறை வீட்டில் ஜன்னலோரம் மிஷின். மிஷினுக்குக் கீழே குழந்தையின் ராஜ்யம். காலி நூல்கண்டுகளை வரிசையாக நிறுத்திவைத்து அவற்றோடு பேசிக்கொண்டிருக்கும். பிடித்த பிடியை விடாது என்பதால் கட்டெறும்பு என்று பேர். மிஷின் ஓடும் சத்தத்தில் அம்மாவும் பெண்ணும் ஆளுக்கொரு கனவில் இருப்பார்கள். துணி நகர்ந்துகொண்டே இருக்கும், பகல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீடு நடப்பதே பாலால்தான். அவள் புருஷனுக்குப் பால்பவுடர் கம்பெனியில் வேலை. முன்பெல்லாம் பால் வண்டிகள் வந்து நிற்கும் முற்றத்தில், குழாய் மாட்டிக் கழற்றும் வேலை. மழை முடிந்து பனி தொடங்கிய சமயத்தில் பவுடர் டவருக்கு மாற்றிவிட்டார்கள். உயரமான எஃகுக் கூண்டு அது. மேலிருந்து பாலைப் பீய்ச்சுவார்கள். கீழே வந்து சேருவதற்குள் சூடான காற்று ஈரத்தையெல்லாம் குடித்துவிட, பவுடராய் உதிரும். டவரின் அடிவாயில் நின்று அதைக் கையில் எடுத்து, முகர்ந்து, இன்றைக்குச் சூடு கூடிவிட்டது, ஈரம் நின்றுவிட்டது என்று சொல்வது அவன் வேலை. அவன் சொன்னால் சரியாக இருக்கும். கம்பெனியில் அவனை மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு தடவை குடும்பத்தோடு வரலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். அவள் மட்டும் போனாள். கண்ணாடி வழியாகக் கூண்டின் உள்ளே பார்த்தாள். சத்தமே இல்லாமல் வெள்ளை இறங்கிக்கொண்டிருந்தது. விழுகிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியாத வெள்ளை. அழகு என்று நினைத்தாள். நினைத்ததும், வேறு யாரோ ஒருத்தியின் குழந்தைக்குப் போகிற பால் இது என்று தோன்றியது. அந்த ஒருத்தியின் மேல் கோபமில்லை. ஆனால் அவள் யாரென்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

பனிக்காலத்தில்தான் மறுபடி ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் குழந்தையின் கன்னத்தில் சிவப்புச் சிவப்பாய்த் தடிக்கும். கண்ணைக் கசக்கும். படுக்கப் போகும்போது நெஞ்சுக்குள் மெல்லிசாய் ஒரு சீழ்க்கை கேட்கும். காலையில் எல்லாம் அடங்கி, ஒன்றுமே நடக்காததுபோல் நூல்கண்டுகளோடு பேச உட்கார்ந்துவிடும்.

எங்கே ஓட்டை? அவள் பருப்பு டப்பாவை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள், சோப்பை மாற்றினாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளை உள்ளே விடுவதை நிறுத்தினாள். நாத்தனாரைச் சந்தேகப்பட்டாள்.

நாத்தனார் கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருந்தாள். தம்பி வீட்டுக்கு வரும்போது வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

"மூணு தரம் கழுவியாச்சு. இன்னும் கழுவினா கையே கரைஞ்சுபோயிடும். உள்ள வரலாமா, இல்ல ஜன்னல் வழியா பேசிட்டுப் போகட்டுமா?"

"வாங்க அண்ணி. கோவிச்சுக்காதீங்க."

"கோவம் என்ன கோவம். பால் கம்பெனிக்காரன் வீட்ல பாலில்லாத கட்டன் டீ குடிக்கிறேன், இதுக்கு மேல என்ன இருக்கு?" ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "ஏம்மா, நான் ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"கேளுங்க."

"எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்தினதாலதான் புள்ளைக்கு இப்படி ஆகுதோ? ஒரு சொட்டு, ரெண்டு சொட்டுன்னு பழக்கியிருந்தா..."

தையல்காரி ஊசியைக் கீழே வைத்தாள். "அண்ணி, நீங்க ஏதாவது குடுத்தீங்களா?"

"என்னடி பேசுற!"

"கேட்டேன் அண்ணி. குடுத்திருந்தா சொல்லிடுங்க. நான் திட்ட மாட்டேன்."

நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க வீட்டுக்குள்ள வரப்ப முந்தானையைக்கூட உதறிட்டு வரேன். என்னைப் பாத்து இந்தக் கேள்வியைக் கேட்டுட்டியே." குழந்தை மிஷினுக்குக் கீழிருந்து தலையை நீட்டி, "அத்தே, டீ ஆறுது" என்றது. நாத்தனார் டீயைக் குடித்துவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். "சாப்பிட்டாத்தான் வரணும்னு இல்லம்மா. சில குழந்தைங்களுக்குத் தொட்டாலே தடிக்கும். தூளா காத்துல கலந்து மூச்சுல போனாலும் இழுப்பு வரும். வீட்ல பால் பொருள் ஏதாவது புழங்குதா?"

"ஒரு சொட்டு கிடையாதுங்க."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"தையல்."

"குழந்தையோட அப்பா?"

"கம்பெனில."

பொய்யில்லை. ஆனால் என்ன கம்பெனி என்று சொல்ல நாக்கு எழவில்லை. முன்னொரு முறை இதே இடத்தில் நாத்தனார் உரக்கச் சொல்லி, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்திருந்தார்கள். அது மட்டும்தான் காரணமா என்று பின்னால் அவள் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு. அந்தக் கேள்வியின் பக்கத்தில் ஏதோ ஒரு கதவு இருந்தது. திறந்தால் என்ன தெரியுமென்று உள்ளுக்குள் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் கதவைப் பார்க்காததுபோல் நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை. வெளியே பனி இறங்கியபடியே நின்றிருந்தது. எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. அவள் துணி துவைக்க உட்கார்ந்தாள்.

புருஷனின் கால்சட்டை மட்டும் எப்போதும் வீட்டுக்குத்தான் வரும். மற்றவர்கள் சட்டை, தொப்பி, கால்சட்டை எல்லாவற்றையும் கம்பெனி சலவைக்கே போட்டுவிட்டு வருவார்கள். இவன் ஆள் குட்டை. டவருக்கு மாறிய புதிதில் சலவையில் துணி மாறிப்போய், நெட்டை ஒருத்தனின் கால்சட்டை இவன் கைக்கு வந்தது. நாள் முழுக்க அதை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, தரையைப் பெருக்கியபடி நடந்திருக்கிறான். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநாள் ஆயிற்று. அதிலிருந்து சட்டையை மாற்றிக்கொண்டு, கால்சட்டையை மட்டும் போட்டபடியே வீட்டுக்கு வந்துவிடுவான். நீளத்தைக் குறைத்துக் கொடுத்தது அவள்தான். கம்பெனித் துணி, திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று வெட்டாமல், வெளிப்பக்கமாக அகலமாய் மடித்து நாலு இடத்தில் மட்டும் தையல் போட்டிருந்தாள். பார்க்க அழகாயிருக்கிறதென்று அவனே சொன்னான்.

தண்ணீரில் கால்சட்டையை அமுக்கினாள். சோப்பு இன்னும் போடவில்லை. மடிப்பிலிருந்து வெள்ளையாய் ஒரு புகை தண்ணீருக்குள் கிளம்பியது. மெதுவாய்ச் சுருண்டு, விரிந்து, வாளியின் அடிவரை இறங்கியது. கண்ணாடி வழியே பார்த்த அந்த வெள்ளை. இன்னொரு காலின் மடிப்பை விரலால் பிரித்தாள். ஈரம்பட்டுக் கட்டியாகி, விரல்நுனியில் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் முகர்ந்தாள்.

வெள்ளைத் துணியில் வெள்ளை தெரியாமல் போயிருக்கிறது. தினம் சாயங்காலம் கதவு திறந்ததும் கட்டெறும்பு ஓடிப்போய் அந்தக் காலைத்தான் கட்டிக்கொள்ளும். அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றுகொள்ளும். அவன் அப்படியே தூக்கித் தூக்கி அடிவைத்து வீட்டைச் சுற்றி வருவான். குழந்தையின் முகம் அவன் முட்டியில் அழுந்தியிருக்கும்.

அவள் வாளித் தண்ணீரைக் கொட்டவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் உள்ள எல்லாப் பொட்டலத்தையும் படித்தவள், தான் தைத்த மடிப்பைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன் பிள்ளைக்கு நீதான் ஆகவில்லை என்பதை எந்த வார்த்தையில் தொடங்குவது? மடிப்பைப் பிரித்து, துணியை வெட்டி, தட்டையாய் விளிம்பு தைத்தாள். சாயங்காலம் வாசலிலேயே மாற்றுத்துணியோடு நின்றாள்.

"இங்கயே மாத்திக்கங்க. இப்பத்தான் தரை துடைச்சேன்."

"வாசல்லயா? தெருவே பாக்கும்."

"தெருவுக்கு வேற வேலையில்லையா? பின்பக்கமா வாங்க அப்ப. அப்படியே குளிச்சிடுங்க."

"கம்பெனில கைகால் கழுவிட்டுத்தானே வரேன்?"

"பனிக்கு வெந்நீர் போட்டு வெச்சிருக்கேன்ல. குளிங்க."

அவன் அவளை ஒருமாதிரியாகப் பார்த்தான். குழந்தை ஓடிவர, அவள் நடுவில் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். கட்டெறும்பு கைகாலை உதறி அழுதது. "எம் பொண்ணைத் தொடக்கூட உன்கிட்ட டிக்கெட் வாங்கணுமா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் நாளுக்கு நாள் அந்தச் சிரிப்பு சிறுத்துக்கொண்டு வந்தது. ராப்பகலாய் அவள் மனசுக்குள் ஒரு மிஷின் ஓடியது. துணியில்லாமல், நூலில்லாமல், வெறும் ஊசி மட்டும் குத்திக்குத்தி எடுத்தது.

ஒரு நாள் தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வர அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள். நாத்தனார்தான் கோபம் தணிந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் ஏதோ பழுது, டவரைச் சுத்தம் செய்யவைத்து அவனைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது வீடு அமைதியாயிருந்தது. அவன் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மேலே, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் முகத்தைப் புதைத்துக் குழந்தையும் கிடந்தது. அவன் புருவத்திலும் காதுமடலிலும் மாவுபோல் படிந்திருந்தது. தூரத்திலிருந்து பார்க்க இருவரும் ஒரே பனியில் நனைந்தவர்கள்போல் இருந்தார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குத் தொந்தரவு செய்ய மனசு வரவில்லை.

பிறகு சீழ்க்கைச் சத்தம் கேட்டது.

கிளினிக்கில் குழந்தையின் மூக்கில் மருந்துப் புகை விடும் கருவியை மாட்டிவிட்டு, கொஞ்சநேரம் பார்ப்போம், பயமில்லை என்றார்கள். நாத்தனார் உள்ளே குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து தன் கால்சட்டையையே பார்த்தான்.

"ஏன் என்னைப் பாத்து, 'அவளைக் கீழ இறக்குங்க'ன்னு அப்படிக் கத்தினே?"

அவள் கண் அவன் காதுமடலுக்குப் போனது.

"எம் மேல இருக்குதா?"

"ம்."

"பவுடரா?"

"ம்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்கு உங்க கால்சட்டையைத் தண்ணில போட்டப்ப. மடிப்பெல்லாம் பால். மடிச்சுத் தச்சது நான்தான்."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிங்க சொல்றது? நீங்கதான்னு எப்படிச் சொல்றது?"

"நானா?" அவன் நிமிர்ந்தான். "பாலுன்னு சொல்லேன். எதுக்கு நான்னு சொல்றே?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு சுலபமான வார்த்தை பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அவன் சட்டைக் காலரை மூக்கருகே இழுத்து முகர்ந்தான். "தெரியல பாரு. கம்பெனியில எட்டத்தில நின்னு மோப்பம் பிடிப்பேன். எம் மேல இருக்கிறது எனக்குத் தெரியல. பெத்த பேரு மூக்கர்."

டாக்டரம்மாவிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார்.

கம்பெனியிலேயே தலைமுதல் கால்வரை குளித்துப் பார்த்தான். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டான். செருப்பை மாற்றினான். ஆனாலும் எங்கிருந்தோ ஒரு துளி வந்துகொண்டே இருந்தது. நகக்கண்ணிலா, காதுக்குள்ளா, அவனுடைய மூச்சிலேயா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குழந்தையின் கன்னம் காட்டிக்கொடுத்தது. கடைசியில் அவன் தூரத்திலேயே நிற்கத் தொடங்கினான். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பந்தை உருட்டுவான். குழந்தை பந்தைத் திருப்பி உருட்டாது. பந்தைத் தூக்கிக்கொண்டு அவனை நோக்கி ஓடிவரும். அவன் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவான்.

பாய்லருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டான். கொடுத்தார்கள். கரியும் எண்ணெயும் வெக்கையுமான இடம். அங்கே முகர்ந்து பார்க்க ஒன்றுமில்லை.

நாத்தனார் வந்து கத்தினாள். "அவன் சொன்னாத்தான் மேனேஜரே தலையாட்டுவாரு. அப்பேர்ப்பட்டவனைக் கரி அள்ள விட்டுட்டியே!"

"நான் போகச் சொல்லல அண்ணி."

"சொல்லியிருக்கணும்! நீ சொல்லி அவன் போயிருந்தா உன்னைத் திட்டிட்டாவது போவேன். அவனா போயிருக்கான், நான் யாரைத் திட்டுறது?" என்றவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். சிந்திவிட்டு, வாசல் குழாயில் போய் மறுபடி கை கழுவிக்கொண்டு வந்தாள்.

டவரை விட்டதும் சில நாள் லீவு போட்டு, அக்காவின் கடைக்குப் பின்னாலிருந்த அறையிலேயே தங்கிக்கொண்டான். உடம்பில் ஒட்டியதெல்லாம் போகட்டும் என்றான். அந்த நாட்களில் அவள் வீட்டில் உள்ள துணி ஒவ்வொன்றையும் துவைத்தாள். திரை, தலையணை உறை, பாய், எல்லாம். கொடிகளில் ஈரத்துணி தொங்க, வீடு முழுக்க ஒரு படகுபோல் அசைந்தது. துணிகளுக்கு நடுவே குழந்தை நுழைந்து நுழைந்து ஓடியது. "அப்பா எங்க?" என்று கேட்டது. "வருவாரு" என்றாள். தினம் சாயங்காலம் அது வாசலில் போய் நின்றது.

பாய்லரில் சேர்ந்த முதல் நாள், வேலை முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. குளித்து, புதுச்சட்டை போட்டிருந்தான். எண்ணெய்க் கறுப்பு மட்டும் விரல்ரேகையில் தங்கியிருந்தது. அவன் வாசலிலேயே நின்று அவளைப் பார்த்தான். அவள் மிஷினை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினாள். அவன் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தான்.

கட்டெறும்பு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. வழக்கமான இடத்தில், தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில், முகத்தைப் புதைத்தது. ஆழமாக மூச்சை இழுத்தது. பிறகு முகத்தை எடுத்து அவனைப் பார்த்தது. மறுபடி முகர்ந்தது. மெதுவாய்க் கைகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது.

"அப்பா எப்ப வருவாரு?" என்று அம்மாவைக் கேட்டது.

அந்த ஒரு கரண்டிக்கு மேல் பால் தெரியாத பிள்ளை. அந்த வெள்ளையின் வாசனைக்கு அது வைத்திருந்த ஒரே பேர் அப்பா.

"இதுதான்டா அப்பா" என்றாள்.

"இல்ல" என்றது குழந்தை. முரண்டு இல்லை, அழுகை இல்லை. தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுமையோடு சொன்னது. போய் வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க ஆரம்பித்தது.

அவன் குந்தியபடியே இருந்தான். விரித்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முட்டியில் வைத்துக்கொண்டான். அவள் எழுந்து வரப்பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, வாசற்படிக்குப் போய்க் குழந்தையின் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தான்.

"யாருக்குக் காத்திருக்கீங்க?"

"எங்கப்பாவுக்கு."

"நானும் கூட உக்காந்து பாக்கட்டுமா?"

குழந்தை யோசித்தது. "சரி" என்றது.

"எப்படி இருப்பாரு உங்கப்பா?"

"வெள்ளையா. கால்ல ஏத்திக்கிட்டு நடப்பாரு."

"ரொம்ப உயரமோ?"

"ரொம்ப உயரம்."

உள்ளே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"வந்தா என்ன சொல்லணும் அவர்கிட்ட?"

"ஏன் லேட்டுன்னு கேக்கணும்."

"கேப்போம். நல்லா கேப்போம்."

தெருவில் சைக்கிள்கள் போயின. யாரோ ஒரு வீட்டில் விளக்குப் போட்டார்கள். பனி கூரைகளிலிருந்து இறங்கி, தெருமுனையை முதலில் அழித்தது, பிறகு ரொட்டிக் கடையை அழித்தது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் வெள்ளையாய்த் தெரிந்து, கிட்டே வர வர வேறு யாரோவாகி நடந்து போனார்கள். ஒவ்வொருத்தர் வரும்போதும் குழந்தை நிமிர்ந்தது. அவனும் கூடவே நிமிர்ந்தான். விட்டிருந்த இடம் எப்போது மறைந்ததென்று தெரியவில்லை. குளிரில் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, கடைசியில் தலை அவன் மடிக்கு வந்துவிட்டது. கண் மூடுவதற்கு முன், "வந்தா எழுப்புங்க" என்றது.

"எழுப்புறேன்."

அவள் வந்து பக்கத்தில் மண்டியிட்டுக் குழந்தையின் மார்பில் காதை வைத்தாள். சீழ்க்கை இல்லை. காற்று போனது, வந்தது. அவ்வளவுதான். அவன் கால் மரத்துப்போயிருக்க வேண்டும், அசையவில்லை. பனிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டான்.

"ஒருவேளை அவரு வந்துட்டா என்ன பண்றது?"

அவள் குழந்தையின் கன்னத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று குளிர்ந்திருந்தது.

"உள்ள விடாதீங்க" என்றாள்.